அம்மாவின் மோதிர விரல்

கையைப் பொத்தச் சொன்னால் அம்மாவின் வலது கை மோதிர விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து உள்ளங்கைக்கு வராது. நடுவிரலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். தம்பிக்கு அப்போது நாலு வயது. அவனுக்கு அது பெரிய வித்தை. "அம்மா, வெரல ஒளிச்சுக் காட்டும்மா" என்று மடியில் ஏறிக்கொண்டு கேட்பான். அம்மாவும் சலிக்காமல் மூடி மூடிக் காட்டுவார். அந்த விரல் ஏன் அப்படிப் போகிறது என்று எனக்குப் புரிய 25 வருடத்துக்கு மேல் ஆனது.

1997 ஜூலை. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் அங்கே வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. அம்மா இடுப்பில் படங்குத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தார். பாசி பிடித்த தண்ணீர்க் கானைத் தாண்டும்போது கால் வழுக்கியது. விழாமல் இருக்கத் தேயிலைச் செடியைப் பிடித்தார். விரல் இரண்டு வாதுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது, உடம்பு கூடையோடு கீழே போய்விட்டது. விரல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று முறுகியது. எழுந்து, படங்கில் கையைத் துடைத்துவிட்டு, அந்தி நிறுவை வரை அம்மா கொழுந்து பறித்தார். பாதியில் வந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அதற்கு மேல் விளக்கம் எங்கள் ஆட்களுக்குத் தேவையில்லை.

மறுநாள் டிஸ்பென்சரிக்கு நானும் கூடப் போனேன். விரல் வாழைக்காய் போல வீங்கியிருந்தது. அங்கே இருந்தவர் தொட்டுப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "அசைக்க முடியுதா?" என்றார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்தார். "அப்ப ஒடையல. சுளுக்கு." ஒரு பூசு மருந்தும் பனடோலும் கிடைத்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை.

"அசைந்தால் உடையவில்லை" என்ற இந்த வார்த்தையை இன்றைக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் பாடசாலையிலும் பஸ்ஸிலும் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மறுக்கிறேன். விரலை மடக்குகிற, நீட்டுகிற பெரிய தசைகள் விரலிலேயே இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனி வரை ஓடுகின்றன. நடுவில் எலும்பு முறிந்திருந்தாலும் கயிறு அறாமல் இருந்தால் விரல் அசையும். வலிக்கும், ஆனால் அசையும். ஆகவே அசைகிறதா என்பது சோதனையே இல்லை. எலும்பின் மேல் ஒரே இடத்தை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா, விரல் கோணியிருக்கிறதா, மடக்கும்போது பக்கத்து விரல் மேல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா லயத்திலும் நடப்பதுதான். அடுத்த காம்பராவில் இருந்த மாமி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி வந்து உருவிவிட்டார். அன்புதான், வேறொன்றும் இல்லை. மூன்று நாள் காலையும் மாலையும் உருவினார். உடைந்த எலும்பை உருவக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வீக்கம் கூடியது. பத்து நாள் கழித்து, தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் இருந்த நாட்டு வைத்தியர், வெதமாத்தையாவிடம் போனோம்.

அவரைப் பற்றி மரியாதையோடுதான் எழுத முடியும். கண்டி மலைநாட்டில் 'கடும் பிந்தும்' என்று சொல்லும் முறிவு வைத்தியம் குடும்பம் குடும்பமாக வருவது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்து, விரலைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் மூடச் சொன்னார். பார்த்ததும் தலையாட்டினார். எலும்பு முறிந்து முறுகியிருக்கிறது, நாள் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த விரலை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தவர் அவர்தான்.

படம் எடுக்க நாங்கள் போகவில்லை. ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு, அங்கே போய் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. "வெரலு தானே புள்ள, தன்னால சரியாப்போயிரும்" என்றார். விரல்தானே. காலோ இடுப்போ என்றால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

இந்த 'விரல்தானே'யை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை முழுவதையும் எழுதுகிறேன்.

கொழுந்து பறிக்கிற கையை அருகில் பார்த்திருக்கிறீர்களா? கிள்ளுவது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும். அதைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் என்ன செய்கின்றன என்று யாரும் கவனிப்பதில்லை. கிள்ளின கொழுந்தை உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை அந்த இரண்டும்தான். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவார்கள், கூடைக்குள் விழும். அம்மாவுக்கு நிறையும் முன்பே நடுவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் விழுந்த சந்தில் கொழுந்து சிந்தும். அவர் நிரையில் நடந்து போன இடத்தில் பச்சையாக இலை கிடக்கும். குனிந்து பொறுக்குவார், பக்கத்து நிரைக்காரி முந்திப் போய்விடுவார். ஓய்வு பெறும் வரை இப்படித்தான். ஒரு விரல் எலும்பு ஒரு வாரத்துக்குள் நேராக்கப்படாததற்கு அம்மா கொடுத்த விலை இது.

2023 இல் என் முறை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஹட்டனில் பஸ் ஏறுகிறேன். ஒரு கால் படியில், இடது கை கம்பியில். பஸ் திடீரென்று இழுத்தது. ஈரக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம், காதுக்குக் கேட்கவில்லை, கைக்குள் கேட்டது. மோதிர விரல். வலி வர ஒரு நிமிஷம் எடுத்தது.

பக்கத்தில் இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "டீச்சர், மொதல்ல மோதிரத்தக் கழட்டுங்க. வீங்கிட்டா முடியாது." கீழே இறங்கி, தேத்தண்ணிக் கடையில் சவர்க்காரமும் தண்ணீரும் வாங்கி, அவரே மெதுவாகக் கழற்றினார். அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு முக்கியம் என்று பின்னால்தான் தெரிந்தது. வீங்குகிற விரலில் மோதிரம் இறுகினால் இரத்தம் நின்றுவிடும். வளையல், முடிக்கயிறு எதுவாக இருந்தாலும் அந்தக் கையில் இருப்பதை உடனே கழற்ற வேண்டும். கழலாவிட்டால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கச் சின்னக் கருவி இருக்கிறது. தங்கம் என்று பார்க்காமல் வெட்ட விடுங்கள். ஒட்ட வைத்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், பெண். என் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் மடக்குங்க. முழுசா வேணாம், முடிஞ்ச அளவு போதும்" என்று சிங்களத்தில் சொன்னார். மடக்கினேன். என் மோதிர விரல் மெதுவாக நகர்ந்து நடுவிரலுக்கு அடியில் போனது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் என்று நினைத்து அவர் ஊசி போடச் சொன்னார். நான் பார்த்தது அம்மாவின் கையை. தம்பி மடியில் ஏறி நின்று பார்த்த வித்தை.

அவர் விளக்கியது இதுதான். ஆரோக்கியமான கையில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினால் நாலும் மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் ஓர் இடத்தை நோக்கியே குவியும். எலும்பு முறிந்து, முறிந்த துண்டு கொஞ்சம் திரும்பிவிட்டால் அந்த விரல் மட்டும் வழி மாறும். நீட்டி வைத்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்ரேயில்கூடச் சில நேரம் பிடிபடாது. மடக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் அடியில் ஒரு சின்னத் திருப்பம் போதும், நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு விலகிவிடும். விரலில் கொஞ்சம் சாய்வோ குட்டையோ இருந்தால் கை சமாளித்துக்கொள்ளும். முறுகலை மட்டும் கை சமாளிக்காது, நாள் போனாலும் அது தானாகச் சரியாகாது.

படம் எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சாய்வாக ஒன்று. ஒரே கோணத்தில் எடுத்தால் முறிவு ஒளிந்துகொள்ளும் என்பதால் இந்த மூன்று. உலகத்தில் மனித உடம்பை எடுத்து முதலில் புகழ்பெற்ற எக்ஸ்ரே படமே ஒரு கைதான். 1895 டிசம்பரில் ரொஞ்சன் தன் மனைவியின் கையை எடுத்தார், விரலில் மோதிரத்தோடு. என் படத்தில் மோதிரம் இல்லை. அதற்குப் பதில் உள்ளங்கையை ஒட்டிய முதல் எலும்பில், கயிறு சுற்றினது போலச் சாய்வாக ஒரு கோடு ஓடியது.

அன்றைக்கு அரைப் பக்க மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டின விதம் எனக்குப் புதிதாக இருந்தது. மணிக்கட்டு கொஞ்சம் பின்னால், விரல் அடி மூட்டு நன்றாக மடங்கி, அதற்கு மேலே விரல்கள் நேராக. நாகம் படம் எடுத்து நிற்பது மாதிரி. ஏன் இப்படி என்று கேட்டேன். விரல்களை நீட்டி வைத்துக் கட்டினால் அடி மூட்டின் பக்கத்துத் தசைநார்கள் தளர்ந்த நிலையில் சுருங்கிவிடும், பிறகு மடக்கவே வராது, மடக்கி வைத்தால் அவை இழுபட்ட நிலையில் நீளம் குறையாமல் இருக்கும் என்றார்கள். இதனால்தான் ஐஸ்கிரீம் குச்சியை வைத்து விரலை அட்டைபோல நீட்டி வாரக்கணக்கில் கட்டி வைப்பது தப்பு. ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் தாங்கலாக வைப்பது வேறு.

பிறகு எலும்பு முறிவு கிளினிக். அங்கே என் முன்னால் மூன்று வழி வைக்கப்பட்டது.

முறிவு இடம் மாறாமல், திரும்பாமல் இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டிவிடுவதே போதும். இரண்டு விரலுக்கும் நடுவில் மெல்லிய துணி வைத்து, மூட்டுகளுக்கு மேல் ஒட்டாமல், மூட்டு மடங்க இடம் விட்டு ஒட்டுவது. மூன்று நாலு வாரம். உடைந்த விரலுக்கு நல்ல விரலே தடி. விரல் முறிவுகளில் கணிசமானவை இந்த எளிய வழியிலேயே சரியாகிவிடுகின்றன என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி என்றதும் கத்தி என்று பயந்து, அங்கே போகாமலே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இடம் மாறியிருந்தால் வலி தெரியாமல் விரலை விறைக்க வைத்து, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு. குறுக்காக முறிந்த எலும்புக்கு இது நன்றாகப் பிடிக்கும். போட்ட பிறகு ஒரு வாரத்துக்குள் மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள், நழுவியிருக்கிறதா என்று. அந்த இரண்டாவது படத்துக்கு வராதவர்கள்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள் என்று அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்.

என்னுடையது சுருள் முறிவு. இழுத்து வைத்தாலும் வழுக்கி மறுபடி திரும்பும். ஆகவே மூன்றாவது வழி, ஒப்பரேஷன். அதிலும் இரண்டு. தோலை வெட்டாமல் வெளியிலிருந்தே மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் செலுத்துவது ஒன்று. வெட்டித் திறந்து நுண்ணிய ஆணிகளோ தகடோ வைப்பது மற்றது. கம்பிக்குக் கே வயர் என்று பெயர். 1909 இல் மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற ஜெர்மன் டாக்டர் கொண்டுவந்தது, அந்தக் 'கே' அவருடைய பெயரின் முதல் எழுத்து. தகடும் ஆணியும் உறுதி, விரலைச் சீக்கிரம் அசைக்கலாம், ஆனால் வெட்டுகிற இடத்தில் நாண்கள் தழும்போடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கம்பியில் வெட்டு இல்லை, ஆனால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக்டர் என் வேலையைக் கேட்டார், எந்தக் கையால் எழுதுகிறேன் என்று கேட்டார், பிறகு கம்பி போதும் என்றார்.

கை முழுவதும் விறைத்துக் கிடந்தது. நான் விழித்திருந்தேன். திரையில் என் எலும்பும், அதை நோக்கி வருகிற கம்பியும் தெரிந்தன. இரண்டு கம்பி. மொத்தமாக அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு சதம் கட்டவில்லை. எங்கள் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் இது இலவசம் என்பதை நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்த வாசல் வரை வரும் செலவு இலவசம் இல்லை. அன்றைய பேரும், பஸ் காசும், பாஷையும் சேர்ந்துதான் அந்தச் செலவு. எனக்குச் சம்பளத்தோடு லீவு இருந்தது, சிங்களம் இருந்தது. அம்மாவுக்கு இரண்டும் இருக்கவில்லை. எங்கள் இரண்டு விரல்களுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், எலும்பு ஒரே மாதிரித்தான் முறிந்தது.

நாலாம் வாரம் கம்பியைக் கழற்றினார்கள். விறைப்பு ஊசிகூட இல்லை. ஒரு குறடு, இரண்டு இழுப்பு. மாவிலிருந்து ஈர்க்கை உருவுவது போல ஓர் உணர்வு. படத்தில் கோடு இன்னும் தெரிந்தது. பயந்து கேட்டதற்கு, விரல் எலும்பு மூன்று நாலு வாரத்தில் அசைக்கிற அளவு ஒட்டிவிடும், படத்தில் கோடு மறைய மாதக்கணக்கில் ஆகும், கோட்டுக்காகக் காத்திருந்தால் விரல் மரக்கட்டையாகிவிடும் என்றார் டாக்டர்.

இது எனக்குத் தெரியாத பாதி. காட்டாமல் விடுவதால் கெடும் என்று அம்மாவின் விரல் சொல்லித் தந்திருந்தது. பத்திரம் பத்திரம் என்று அசைக்காமல் வைத்திருப்பதாலும் அதே அளவு கெடும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று என் விரல் பாதிகூட மடங்கவில்லை. நாலே வாரத்தில். அதிலும் நடு மூட்டு மோசமானது, கொஞ்சம் விட்டால் இறுகிவிடும்.

பயிற்சிக்குத் தந்த தாளில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்து மடக்கி நீட்டுவது, கொக்கி போல மடக்குவது, துணியைப் பிழிவது எல்லாம் இருந்தன. மெல்லிய களிமண் போன்ற ஒன்றைப் பிசையச் சொல்லியும் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கோதுமை மாவைத் தாச்சியில் கொட்டினார். "இந்தா புள்ள, பெசை." இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தினமும் ரொட்டி. முதல் வாரம் தண்ணீர் அதிகம் விட்ட மா, கை பட்டதும் வழிகிற மாதிரி. பிறகு கொஞ்சம் இறுக்கம். கடைசியில் தேங்காய்ப்பூ சேர்த்த கெட்டி மா. அம்மா அளவு மாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தார். மறுபடி கிளினிக்குப் போனபோது, உடற்பயிற்சிப் பகுதியில் இருந்தவர் என் விரலை மடக்கிப் பார்த்து, வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். வீக்கம் மட்டும் அடங்க ஐந்தாறு மாதம் எடுத்தது. அது வழக்கம்தானாம்.

என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லே விளையாட்டில் பந்து விரல் நுனியில் நேராகப் பட்டது. நுனிக் கணு தொங்கிப்போய் நிமிரவே இல்லை. வலியும் பெரிதாக இல்லை. அவன் அதைத் தள்ளித் தள்ளிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அது நுனியை நிமிர்த்துகிற நாண் அறுந்தது, சில நேரம் எலும்புத் துணுக்கையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். இதற்கு வைத்தியம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தாங்கி, நுனி மூட்டை மட்டும் நேராக வைக்க. ஆனால் ஆறிலிருந்து எட்டு வாரம், இரவு பகல், குளிக்கும்போதும். கழுவுவதற்காகக் கழற்றினாலும் விரலை மேசையில் அழுத்தி நேராகவே வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை மடங்கினால் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். பதிமூன்று வயதுப் பையன் இரண்டு மாதம் ஒரு மூட்டை மடக்காமல் காத்தான். நாங்கள் கரும்பலகை மூலையில் நாளை எண்ணி எழுதிக்கொண்டே வந்தோம். இப்போது நுனி நிமிர்கிறது.

கதவில் நசுங்கும் விரல்கள் தனி. லயத்து மரக்கதவுக்கு எத்தனை பிள்ளைகளின் விரல் நுனி தெரியுமோ. நகத்துக்கு அடியில் இரத்தம் கட்டிக் கறுத்துவிடும், உள்ளே நுனி எலும்பு நொறுங்கியிருக்கலாம். அந்த எலும்பு பெரும்பாலும் தாங்கி வைத்தாலே ஆறிவிடும், நகத்துக்கு அடியில் உள்ள படுக்கை கிழிந்திருந்தால் தைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நகம் அடியிலிருந்து பெயர்ந்து வெளியே வந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். அங்கே எலும்பு வளர்கிற இடம் இருக்கிறது, அது திறந்த முறிவாக இருக்கலாம்.

தோல் கிழிந்து எலும்பு முறிந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. மலை மண் பட்ட காயம். நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணி வைத்து, நேராக ஆஸ்பத்திரி. உள்ளே கழுவ வேண்டும், கிருமி மருந்து வேண்டும், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி வேண்டும். இலையோ மஞ்சளோ கோப்பித் தூளோ வைக்காதீர்கள். சீனி வருத்தக்காரர்களுக்கு இது இன்னும் அவசரம். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) மெஷினில் விரல் துண்டாகிவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றி, பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேரடியாகச் சதையில் படக் கூடாது.

கட்டுப் போட்ட பிறகு விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, குளிர்ந்துபோனாலோ கட்டு இறுக்கம். நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள், இரண்டு செக்கனில் சிவப்புத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இரவென்றும் பார்க்காமல் கட்டைத் தளர்த்தக் கொண்டுபோங்கள். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டியதால் விரல் கறுத்துப்போன ஒருவரைக் கிளினிக் வரிசையில் பார்த்தேன். அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று, அம்மாவிடம் யாருமே சொல்லாதது. வேலைத்தலத்தில் வேலை செய்யும்போது ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அம்மா பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம். விழுந்த அன்றே சொல்லிப் பதிய வையுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் தொலைக்காதீர்கள். சுளுக்கு என்று எழுதப்பட்ட துண்டு பிறகு எதற்கும் உதவாது. அதற்காகவும் படம் வேண்டும்.

என் கடைசிக் கிளினிக் நாளில் அம்மாவும் கூட வந்தார். டாக்டர் என் இரண்டு கைகளையும் மூடச் சொல்லி, நாலு விரலும் ஒரே இடத்துக்கு வருகின்றன என்று காட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா தன் கையையும் மூடினார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எப்போது நடந்தது என்று கேட்டார், நான் சிங்களத்தில் சொன்னேன். அம்மாவின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போதும் எலும்பை மறுபடி வெட்டித் திருப்பி வைக்கலாம், ஆனால் மூட்டும் இறுகியிருக்கிறது, எவ்வளவு மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அம்மாவிடம் தமிழில் சொன்னேன். "இனிமே எதுக்குய்யா, கொழுந்தா எடுக்கப் போறேன்" என்று அம்மா டாக்டரிடமே தமிழில் சொன்னார். ஒரு படமாவது எடுத்துப் பார்ப்போம் என்று அவர் துண்டு எழுதித் தந்தார்.

அம்மாவின் கையை முதல் முறையாகப் படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். படத்துக்குப் பின்னால் மலையும் நிரை நிரையாகத் தேயிலையும் மங்கலாகத் தெரிந்தன. ஒடிந்த இடத்தைக் காட்டினேன். ஒட்டியிருந்தது, நன்றாகத் தடித்து ஒட்டியிருந்தது, திரும்பினபடியே. அம்மா அந்த இடத்தில் ரொம்ப நேரம் நிற்கவில்லை. சுண்டு விரலில் ஆரம்பித்து, ஒவ்வோர் எலும்பாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். மூணு, ஆறு, ஒம்பது, பன்னெண்டு. பெருவிரலுக்கு வந்ததும் நின்றார். மறுபடி எண்ணினார்.

"ஏ புள்ள, இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"